தெளிந்த பீலியும் காவி நிறக் கானும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். இதில் "நாங்கள்" என்று வருவது பதுளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்கள் மூவரையும்தான். எழுதுவது ஒருவர், வேலை மூவருடையது. தோட்டத்தின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். பெயரைப் போட்டால் பேச்சு ஆளைப் பற்றிப் போய்விடும். எங்களுக்குப் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி.

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, தரம் 10 பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு சோடாப் போத்தலோடு விஞ்ஞான அறைக்கு வந்தார்கள். போத்தலுக்குள் காவி நிறத்தில், ஊறிய பஞ்சு மாதிரி வழுவழுவென்று ஏதோ ஒன்று. தண்ணீரின் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம்.

"சேர், ஸ்டோர்ல இருந்து ஆயில் லீக் ஆகுது சேர். எங்க லயத்துக் கான் முழுக்க இதுதான்" என்றான் ஒருவன். மற்றவள், "அந்தக் கானுக்குப் பக்கத்து ஊத்துல இப்ப யாரும் தண்ணி எடுக்கிறதில்ல சேர், எல்லாரும் மேல் பீலிக்குத்தான் போறாங்க" என்றாள்.

பின்னேரம் மூவரும் அந்த லயத்துக்குப் போனோம். அங்கே ஏற்கனவே பெரிய பேச்சு. தலைவர் துரையிடம் முறைப்பாடு சொல்லியிருக்கிறார். துரை ஸ்டோரில் ஒழுக்கு எதுவும் இல்லை என்றிருக்கிறார். யாரும் யாரையும் நம்பவில்லை. இதற்கிடையில் இரண்டு கிழமையாகப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கும் பீலிக்கு ஏறி இறங்குகிறார்கள்.

ஒரு அம்மா எங்களுக்குப் பீலித் தண்ணீரைச் செம்பில் பிடித்துக் காட்டினார். "பாருங்க சேர், கண்ணாடி மாதிரி இருக்கு. குடிச்சா இனிக்கும்." உண்மைதான். எந்தத் தூசும் இல்லை, எந்த மணமும் இல்லை.

நாங்கள் கானுக்கு இறங்கி ஒரு குச்சியை ஒடித்தோம். இதை உங்கள் வீட்டுப் பக்கத்திலும் செய்து பார்க்கலாம். வானவில் நிறப் படலத்தைக் குச்சியால் தட்டுங்கள். அது எண்ணெய் என்றால் சுழன்று நெளிந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். இரும்புப் பற்றீரியா இருக்கும் இடத்தில் வரும் படலம் என்றால் உடைந்த கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே மிதக்கும். அன்று கானில் படலம் துண்டு துண்டாகத்தான் உடைந்தது. ஸ்டோர் எண்ணெய் இல்லை. துரை சொன்னது உண்மை. ஆனால் ஏன் உண்மை என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

எங்கள் மண்ணில் இரும்பு நிறைய. மழை காலத்தில் மண்ணுக்குள் தேங்கி ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் இரும்பு கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் மலையோரத்தில் கசிந்து வெளியே வந்து காற்றைக் காணும் இடத்தில், சில பற்றீரியாக்கள் கரைந்த இரும்பை ஒட்சியேற்றி அதிலிருந்து தமக்குச் சக்தி எடுத்துக்கொள்கின்றன. கலியோனெல்லா, லெப்தோத்ரிக்ஸ் என்று இவற்றுக்குப் பெயர். வேலை முடிந்து அவை விட்டுப்போகும் மிச்சம் துரு. அந்தக் காவி நிறம் பற்றீரியாவின் உடல் நிறம் அல்ல, அது செய்து குவித்த துருவின் நிறம். குழாயை அடைக்கும், வெள்ளைச் சட்டையைக் கறையாக்கும், தேநீரின் சுவையைக் கெடுக்கும். ஆனால் இதனால் ஆட்களுக்கு நோய் வருவதில்லை.

அதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அங்கேதான் நாங்கள் ஒரு பிழை விட்டோம். காவி நிறக் கானை மட்டும் பார்த்தோம். தெளிந்த பீலியைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை வகுப்பில் அந்த லயத்துப் பிள்ளைகளின் கதிரைகள் வெறுமையாக இருந்தன. வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல். ஒரு சின்னப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்து சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தப் பிள்ளையின் அம்மாதான் எங்களுக்குச் செம்பில் தண்ணீர் பிடித்துக் காட்டியவர்.

பிறகுதான் பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தோம். மேல் லயத்துக் கக்கூஸ் குழி மழைக்கு நிரம்பி வழிந்திருந்தது. பக்கத்தில் மாட்டுப்பட்டி. இரண்டிலிருந்தும் ஊறிய தண்ணீர் மண்ணுக்குள் வடிந்து, நிறமும் மணமும் வடிகட்டப்பட்டு, கண்ணாடி மாதிரிப் பீலியில் விழுந்துகொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிக்கும் எமது பழைய மாணவி ஒருத்தி, விடுமுறையில் வந்தபோது சின்னப் போத்தல்கள் சில கொண்டுவந்தாள். ஐதரசன் சல்பைட்டுச் சோதனைக்கு உரியவை. இந்தியாவின் குவாலியரில் இருக்கும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர் 1982 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட முறை இது. போத்தலுக்குள் மருந்தூட்டிய ஒரு காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, சூடான இடத்தில் வைத்தால் போதும். மலக்கழிவோடு வரும் பற்றீரியாக்களில் பல ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்கும். அது காகிதத்தில் உள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். மின்சாரமோ நுணுக்குக்காட்டியோ தேவையில்லை. வெப்பமான ஊர்களில் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். எங்கள் குளிருக்கு இரண்டு நாள் வைத்தோம்.

போத்தல்களைத் துணியில் சுற்றி, ஆசிரியர் விடுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், சூடு வரும் பக்கத்தில் வைத்தோம். இரண்டாம் நாள் காலை பிள்ளைகளுக்கு முன்னால் துணியை அவிழ்த்தோம். காவி நிறக் கானுக்குப் பக்கத்து ஊற்றுத் தண்ணீர் போட்டபடியே இருந்தது. கொதித்தாறிய தண்ணீர் போட்டபடியே இருந்தது. பீலித் தண்ணீர் தார் மாதிரிக் கறுத்திருந்தது.

வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பெண் பிள்ளை கேட்டாள்: "அப்ப நாங்க நல்ல தண்ணிய விட்டுட்டுக் கெட்ட தண்ணிக்குப் போயிருக்கோமா சேர்?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காகத்தான்.

அவளுக்கு முழுப் பதிலைச் சொன்னோம். ஊற்றுத் தண்ணீர் நல்லது என்று அந்த ஒரு சோதனை சொல்லவில்லை, அதையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். இந்தச் சோதனை சில நேரம் பிழையும் விடும். மலக்கழிவு இல்லாத இடத்திலும் மண்ணில் இயற்கையாக வாழும் சில பற்றீரியாக்கள் போத்தலைக் கறுப்பாக்கலாம். ஆகவே இது ஆய்வுகூடப் பரிசோதனைக்கு ஈடு அல்ல. ஆனால் எந்தத் தண்ணீரை உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். எங்கள் கண் அதைச் சொல்லவில்லை. எங்கள் கண் நேரெதிராகச் சொன்னது.

நாம் எல்லோரும் தண்ணீரை நிறத்தால்தான் எடை போடுகிறோம். எங்கள் ஊவாவிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2012 நவம்பரில் மொனராகலை மாவட்டத்துச் செவனகலையிலும் பொலன்னறுவை மாவட்டத்து மனம்பிட்டியவிலும் சிவப்பு மழை பெய்தது நினைவிருக்கும். உலகம் அழியப் போகிறது என்றுகூடச் சிலர் பேசினார்கள். மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. நுண்ணிய அல்காக்களே நிறத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. 2001 இல் கேரளத்தில் கோட்டயம், இடுக்கிப் பக்கம் பெய்த சிவப்பு மழைக்கும் ஒருவகை அல்காவின் வித்திகளே காரணம் என்று அங்குள்ள ஆய்வு நிறுவனங்கள் கண்டன. அந்த மழையைப் பார்த்து இரண்டு நாட்டிலும் பயந்தோம். அதே பயத்தில் பத்தில் ஒரு பங்கையாவது கக்கூஸ் குழிக்குக் கீழே இருக்கும் தெளிந்த பீலியைப் பார்த்து நாம் பட்டிருந்தால், எத்தனையோ பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார்கள்.

இது தோட்டத்து மக்களின் அறியாமை என்று யாரும் கீழே எழுத வேண்டாம். 1854 இல் லண்டன் நகரத்தின் புரோட் வீதியில் ஒரு குழாய்க்கிணறு இருந்தது. அதன் தண்ணீர் தெளிவு, சுவை என்று பெயர் எடுத்தது. அந்தப் பகுதியை விட்டு ஹாம்ப்ஸ்டெட்டுக்குக் குடிபோன ஒரு பணக்கார விதவை, அந்தத் தண்ணீரின் ருசிக்காகவே தினமும் ஒரு போத்தல் வரவழைத்துக் குடித்தார். கொலரா வந்து இறந்தார். அவர் வாழ்ந்த புதிய இடத்தில் வேறு யாருக்கும் கொலரா இல்லை. டொக்டர் ஜோன் ஸ்னோ, கொலரா தண்ணீரால் பரவுகிறது என்று நிறுவ எடுத்துக்காட்டிய சாட்சிகளில் அந்த மரணமும் ஒன்று. லண்டன் சீமாட்டியின் கண்ணை ஏமாற்றிய அதே தெளிவுதான் எங்கள் லயத்து அம்மாவின் கண்ணையும் ஏமாற்றியது.

இனி, நிறம் உள்ள பற்றீரியாக்களைப் பற்றி. இவற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால்தான் நிறத்தைப் பார்த்து எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்று தெரியும்.

எங்கள் மாகாணத்தைப் போல இதற்கு ஏற்ற இடம் குறைவு. ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கும் மஹியங்கனை வயலிலிருந்து 2,036 மீற்றர் நமுனுகுல உச்சி வரை ஒரே மாவட்டம். கீழே குளமும் வயலும், நடுவில் தேயிலை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டம், இடையில் பத்தனைப் புல்வெளி, மேலே குளிர்காடு. ஒவ்வொரு படிக்கும் மண் வேறு, வெயில் வேறு, அதில் வாழும் நுண்ணங்கிகளும் வேறு. தேயிலை மண் அமிலத்தன்மை கொண்டது, பீ.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் செடிக்குப் பிடிக்கும். அந்த அமிலத்தில் பங்கசுகள் நன்றாக வாழும், பல பற்றீரியாக்கள் குறையும். உயரம் கூடக் கூட வெயிலில் புறஊதாக்கதிர் கூடும். அதைத் தாங்க, திறந்த பாறையிலும் இலையிலும் வாழும் பல பற்றீரியாக்கள் மஞ்சள், செம்மஞ்சள் நிறப்பொருளைக் குடை மாதிரி உடம்பில் வைத்திருக்கின்றன. கரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே குடும்பத்து நிறப்பொருள்தான்.

மழை விழுந்ததும் மண் மணக்கிறதே, அந்த மணம் ஸ்ரெப்டோமைசிஸ் வகைப் பற்றீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளினது. இவற்றின் கூட்டங்கள் சாம்பல், இளஞ்சிவப்பு, நீலம் என்று பல நிறத்தில் வரும். 1943 இல் அமெரிக்காவில் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பேட் ஷட்ஸ் என்ற மாணவர் கண்டுபிடித்த ஸ்ரெப்டோமைசின் இந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. காசநோய்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து அதுதான். எரித்ரோமைசின் மாத்திரை குடிக்காத வீடு இருக்காது. அது பிலிப்பைன்சின் இலோயிலோ மண்ணில் இருந்த ஒரு பற்றீரியாவிலிருந்து வந்தது. 1949 இல் அந்த மண்ணை அமெரிக்கக் கம்பனிக்கு அனுப்பியவர் அபெலார்டோ அகிலார் என்ற பிலிப்பைன்ஸ் வைத்தியர். அவருக்குச் சேர வேண்டிய பங்கு சேரவில்லை என்பது அந்த நாட்டில் நெடுநாள் மனக்குறை. மண்ணைப் பார்க்கப் பழகாத ஊரின் மண்ணை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அடுத்தது சிவப்பு. 1819 இல் இத்தாலியில் பாதுவா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுச் சோளக்களி இரத்தச் சிவப்பாக மாறியது. அந்தக் குடும்பத்தின் மேல் ஏதோ சாபம் என்று ஊர் பயந்தது. பார்த்தோலோமியோ பிட்சியோ என்ற இளம் மருந்தாளர் அந்தக் களியைக் கொண்டுபோய், ஈரமான சூழலில் வைத்துப் புதிய களியிலும் அதே சிவப்பை வளர்த்துக் காட்டி, அது ஒரு உயிர் என்று நிறுவினார். இன்று அதன் பெயர் செராற்றியா மார்செசன்ஸ். குளியலறை ஓடுகளின் இடுக்கிலும், பள்ளிவாசலில் வுழூ செய்யும் இடத்தில் குழாய்க்குக் கீழேயும் இளஞ்சிவப்பாக வழுக்கும் படலத்தில் பெரும்பாலும் இதுவோ இதைப் போன்ற வேறொன்றோ இருக்கும். தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் 1950 இல் அமெரிக்கக் கடற்படை, இது தீங்கற்றது என்று நம்பி, சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேல் இதைத் தெளித்துச் சோதனை செய்தது. அந்த நாட்களில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினொரு பேருக்கு இந்தக் கிருமி தொற்றியது, ஒருவர் இறந்தார். சுகமான ஆளுக்கு ஒன்றும் செய்யாதது நோயாளியின் உடம்பில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஊதா. இதைப் பெற்றோர் கவனமாக வாசிக்க வேண்டும். குரோமோபற்றீரியம் வயலேசியம் என்பது வெப்பமண்டலத்து மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் ஒரு பற்றீரியா. அது ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளரும்போது ஊதா மை சிந்தியது மாதிரி இருக்கும். பிரேசில் நாட்டின் ரியோ நீக்ரோ ஆற்றில் இது நிறைய. அந்த நாட்டு விஞ்ஞானிகள் 2003 இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். அந்த ஊதாப் பொருளுக்கு மற்ற நுண்ணங்கிகளை அடக்கும் வலு உண்டு, மருந்தாகுமா என்று ஆராய்கிறார்கள். அதே பற்றீரியா வெட்டுக்காயம் வழியே உடம்புக்குள் போனால், மிக அரிதாகத்தான் என்றாலும், இரத்தத்தில் பரவி ஈரலில் சீழ் வைத்துச் சில நாட்களிலேயே உயிரை எடுக்கும். மனிதரில் முதல் நோயாளி 1927 இல் மலாயாவில் பதிவானார். பெனிசிலின் வகை மருந்துகளில் பெரும்பாலானவை இதற்குக் கேட்காது. சேற்றுத் தண்ணீரில் அது எத்தனை இருந்தாலும் தண்ணீர் ஊதாவாகத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். சேற்றில் விளையாடிக் காயப்பட்ட பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வந்தால், காயத்தையும் சேற்றையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியில் பச்சை. நிறத்தைப் பார்த்துப் பயந்தே ஆக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்றால் இதுதான். தேங்கிய குளத்து நீரில் பச்சைப் பெயின்ற் ஊற்றினது மாதிரித் தடித்த படலம் நின்றால் அது சயனோபற்றீரியாவாக இருக்கலாம். சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை விடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அந்த நஞ்சு போகாது. எங்கள் பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கம் காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோயால் எத்தனை விவசாயக் குடும்பங்கள் உடைந்துவிட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நோய்க்கு ஆராய்ச்சியாளர்கள் தேடிப்பார்த்த பல காரணங்களில் இந்த நஞ்சும் ஒன்று. குளம் பச்சையாகத் தடித்திருந்தால் குடிக்கவும் வேண்டாம், மாட்டுக்கும் காட்ட வேண்டாம்.

இவ்வளவையும் ஒன்றாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? காவி, பார்க்க அருவருப்பு, ஆனால் அப்பாவி. சிவப்பு, பெரும்பாலும் அப்பாவி, சில நேரம் இல்லை. ஊதா, ஆபத்தானது, ஆனால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. பச்சை, எச்சரிக்கை. எங்கள் பிள்ளைகளை அதிகமாக நோயில் போடும் ஈ. கோலை, நெருப்புக்காய்ச்சல் கிருமி, செங்கண்மாரி வைரசு ஆகியவற்றுக்குத் தண்ணீரில் நிறமே இல்லை. அவை இருக்கிறதா என்று தெரிய ஒரே வழி பரிசோதனை.

எமது சமூகத்துக்கு ஒரு வார்த்தை. நாங்கள் ஆலிம்கள் அல்ல, தெரிந்ததைச் சொல்கிறோம், பிழை இருந்தால் திருத்துங்கள். இரண்டு குல்லத்துக்குக் குறையாத தண்ணீரில் நஜீஸ் பட்டாலும் நிறம், சுவை, மணம் மாறாதவரை அது சுத்தமானது என்று ஷாஃபிஈ மத்ஹபில் மதரஸாவில் படித்திருக்கிறோம். சிலர் இதையே குடிதண்ணீருக்கும் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வுழூவுக்கும் குளிப்புக்கும் உரிய சட்டம். அதில் நோய்க்கிருமி இல்லை என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிக்க வேண்டாம் என்று தடுத்ததும் அதே மார்க்கம்தான். தண்ணீரின் மூலத்தைக் காப்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

இந்தக் கிழமைகளில் தரம் 10 பிள்ளைகளோடு ஒரு சின்ன வேலை செய்தோம். நோன்பு காலத்தில் எங்கள் உம்மாமார் கடற்பாசி காய்ச்சுவார்களே, அதுதான் உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் பற்றீரியா வளர்க்கும் ஏகார். 1881 அளவில் ஜேர்மனியில் கொக்கின் ஆய்வுகூடத்தில் ஜெலற்றின் உருகி உருகிக் கெட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்தவரின் மனைவி ஃபன்னி ஹெஸ், ஜாவாவில் இருந்து வந்த ஒரு சிநேகிதியிடம் பழகிய அடுப்படிக் கைமருந்தாக இதைச் சொல்லிக்கொடுத்தார். நாங்களும் கடற்பாசியோடு கொஞ்சம் சூப் கட்டியும் சீனியும் போட்டுக் காய்ச்சிக் கிண்ணங்களில் ஊற்றினோம். ஒன்றில் தேயிலை மண் கரைத்த தண்ணீர், ஒன்றில் கொழுந்தின் அச்சு, ஒன்றில் வகுப்பறைக் கதவுக் கைப்பிடி, ஒன்றில் ஒன்றுமே இல்லை. உடனே ஒட்டுநாடாவால் சுற்றி மூடினோம். யாரும் திறக்கக் கூடாது என்பது முதல் சட்டம். முடிந்ததும் மூடியபடியே வெளிற்றும் தூள் கரைசலில் ஊறப்போட்டு அழித்தோம்.

நாலைந்து நாளில் மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள், இலை அச்சின் ஓரத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். ஊதா வரவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம், எங்களுக்கு நிம்மதி. பெயர் கேட்டார்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது என்றோம். "மஞ்சள், பெயர் தெரியாது" என்று கொப்பியில் எழுதினார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அந்த வரிக்குத்தான் அன்று அதிக புள்ளி கொடுத்தோம்.

இதற்குச் சிலர் சொல்லும் மறுப்புகள் எங்களுக்குத் தெரியும்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இது எதற்கு?" நுண்ணங்கிகள் பாடத்திட்டத்தில்தான் இருக்கின்றன. கேள்வித்தாளில் பெயரை எழுதிப் பதினைந்து புள்ளி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கக்கூஸ் குழித் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைக்கு நாங்கள் என்ன படிப்பித்தோம்?

"கிருமியோடு பிள்ளைகளை விளையாட விடுவதா?" நியாயமான பயம். அதனால்தான் மூடிய கிண்ணம், மூடிய போத்தல், ஆசிரியர் கையில் மட்டும். மூடாத கிருமியோடு அந்தப் பிள்ளைகள் தினமும் பீலியில் குளிக்கிறார்கள்.

"சோதித்துக் கறுப்பு வந்தால் சனம் பயப்படும், தோட்டத்துக்குக் கெட்ட பெயர்." கானைப் பார்த்து இரண்டு கிழமை பயந்தது போதாதா? தெரியாமல் பயந்ததால் தலைவரும் துரையும் சண்டை பிடித்தார்கள், அம்மாமார் பிழையான பீலிக்குப் போனார்கள். தெரிந்திருந்தால் முதல் நாளே குழியை அள்ளியிருக்கலாம்.

எங்கள் கோரிக்கைகள் நாலுதான்.

ஒன்று. லயத்து மக்கள் குடிக்கும் ஒவ்வொரு பீலியும் ஊற்றும் வருடத்தில் இரண்டு தடவையாவது, முக்கியமாக ஐப்பசி மழைக்குப் பிறகு, ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட வேண்டும். நாட்டின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 இன்படி 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒரு ஈ. கோலைகூட இருக்கக் கூடாது. அந்த நியமம் கொழும்புக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

இரண்டு. பெறுபேறு பீலிக்கரையிலேயே ஒரு பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். எங்கள் சம்பவத்தில் பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து மாதிரி எடுத்தார், பீலித் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்று வந்தது, குழியும் அள்ளப்பட்டது. அதற்கு நன்றி. ஆனால் அந்தக் காகிதம் ஒரு கோப்புக்குள் போய்விட்டது. குடிக்கிறவருக்கு யாரும் காட்டவில்லை.

மூன்று. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபைகள் வேலை செய்யலாம். "அது தோட்டத்து விஷயம்" என்று சபையும், "அது சபையின் விஷயம்" என்று தோட்டமும் சொல்லும் காலம் முடிய வேண்டும். கக்கூஸ் குழிக்கும் குடிநீர் ஊற்றுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து அளக்கட்டும்.

நாலு. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள், ஒரு கல்வி வலயத்துக்கு ஒரு பாடசாலை என்று, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு அவர்கள் கொண்டுவரும் மண்ணையும் தண்ணீரையும் அவர்களோடு சேர்ந்து பாருங்கள். மஹியங்கனையிலிருந்து நமுனுகுல வரை எந்த மண்ணில் எந்த நிறம் என்று பிள்ளைகளே ஒரு வரைபடம் போடட்டும். அதில் ஒரு பிள்ளை நாளைக்கு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும், இன்ஷா அல்லாஹ். மற்றப் பிள்ளைகள் குறைந்தது தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கேள்வி கேட்கப் பழகும்.

அதுவரைக்கும், பெற்றோரே, தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நன்றாகக் கொதித்துக் குமிழி எழும்பும் வரை வைத்து, மூடி ஆறவைத்துக் கொடுங்கள். காவி நிறக் கானைக் கண்டால் முதலில் ஒரு குச்சியை எடுங்கள். தெளிந்த பீலியைக் கண்டால், அதற்கு மேலே ஏறி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் ஏறாமல் வந்த அந்த ஒரு கிழமைக்காக அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களுக்குத் தேநீர் தந்தார். "கொதிக்க வச்ச தண்ணிதாங்க சேர், பயப்படாம குடிங்க" என்றார்.

உங்கள் லயத்துப் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது? கீழே எழுதுங்கள். அதிபர்மாரே, ஆசிரியர்களே, சோதனைப் போத்தல் தேவை என்றால் உள்பெட்டியில் கேளுங்கள், எங்களிடம் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.